கல்யாணத்துக்கு முன்னால் ஒன்றரை நாள் திருநெல்வேலி: ஜோடியாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டால் போதும், அடுத்த வாரமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "சித்தி, லீவு சேர்த்துப் போட்டிருக்கோம். பிள்ளைங்கள அம்மாகிட்ட விட்டுட்டு நாங்க ரெண்டு பேர் மட்டும் முன்னாடியே வர்றோம். எங்க தங்கலாம், என்ன பாக்கலாம்?" நான் பிறந்தது திருச்சி. நெல்லை டவுனுக்கு வாக்கப்பட்டு, பதினாலு வருஷம் சென்னையில் இருந்துகொண்டு, கல்யாணம் கல்யாணமாக இங்கே வந்து போனவள். இப்போது பாளையங்கோட்டையில் வீடு. விருந்தாளியாகவும் வந்திருக்கிறேன், விருந்தாளிகளுக்குப் பாய் விரித்தும் போட்டிருக்கிறேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவைக்கிறேன்.

கல்யாணம் முடிந்த பிறகு ஊர் சுற்றினால் நிம்மதியாக இருக்காதா? ஏன் முன்னால்?

இருக்காது. கல்யாணம் முடிந்த சாயங்காலம் உங்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு முடிந்து படுக்கப் பன்னிரண்டு ஆகியிருக்கும். விடியற்கால முகூர்த்தம் என்றால் மூன்றரைக்கே வெந்நீருக்கு வரிசை. காலையில் ஒரு பந்தி, மத்தியானம் ஒரு பந்தி. கால் வீங்கி, புடவை கசங்கி, கையில் தாம்பூலப் பையோடு நிற்கிறவர் கண்ணில் எந்தச் சிற்பமும் ஏறாது. மறுநாள் மறுவீடு. அதற்கு நிற்காமல் "நாங்க ஊரப் பாத்துட்டு வர்றோம்" என்று கிளம்பினால் அந்தப் பேச்சு அடுத்த கல்யாணம் வரைக்கும் ஓடும்.

முன்னால் வந்தால் உங்களை யாரும் தேடமாட்டார்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் அவரவர் ஓட்டத்தில் இருப்பார்கள். உங்கள் நினைப்பே அவர்களுக்கு வராது. வருஷத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு இப்படி யாரும் தேடாத ஒன்றரை நாள் எப்போது கிடைக்கிறது?

கல்யாண வீட்டுக்காரர்களிடம் சொல்லாமல் வந்து தங்கலாமா?

திருநெல்வேலியில் ஒளிந்து இருக்க முடியாது. நானும் இவரும் ஒருமுறை முயற்சி செய்தோம். வியாழக்கிழமை சாயங்காலம் கீழ ரத வீதியில் அல்வாவுக்கு நிற்கிறோம். கைக்கு இலை வரவில்லை, அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏட்டி, நீ எப்ப வந்த? நாளைக்கி சாயங்காலந்தான் வருவேன்னு உங்க அத்தை சொன்னா?" மாமியாரின் ஒன்றுவிட்ட அக்கா. நாங்கள் லாட்ஜுக்குத் திரும்புவதற்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுங்கள், ஆனால் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "புதன்கிழமை காலைல வர்றோம், லாட்ஜுல தங்கிக்கிடுதோம், வியாழன் மூணு மணிக்கெல்லாம் மண்டபத்துல இருப்போம்." இப்படி மணிக்கணக்கோடு சொன்னால் யாரும் வருத்தப்படமாட்டார்கள். லாட்ஜ் என்றதும் "எங்க வீடு என்ன சின்னதா?" என்று ஒரு குரல் வரும். அது மரியாதைக்குக் கேட்பது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டில் பட்டாசல், அதாவது கூடம், முழுக்கப் பலகார டின்னும் பாத்திரமும்தான் படுத்திருக்கும், மனிதருக்கு இடம் இருக்காது. நீங்கள் வெளியே தங்குவதில் உள்ளுக்குள் அவர்களுக்கும் ஆறுதல்தான்.

ஒன்றரை நாள் போதுமா?

போதும். மூன்று நாள் வந்தவர்கள் மூன்றாம் நாள் கல்யாண வீட்டில் தேங்காய் உரிக்கிறதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எதில் வருவது?

சென்னையிலிருந்து என்றால் நெல்லை எக்ஸ்பிரஸ். ராத்திரி எழும்பூரில் ஏறினால் காலையில் ஜங்ஷன். வந்தே பாரத் 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. சுமார் எட்டு மணி நேரம்தான், ஆனால் மதியத்துக்கு மேல் கிளம்பி ராத்திரி பத்தரைக்குமேல் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு பகல் ரயிலிலேயே போய்விடும். ஒன்றரை நாளே கையில் இருக்கிறவர்களுக்கு ராத்திரி ரயில்தான் கட்டுப்படியாகும். பெங்களூரிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. விமானம் என்றால் தூத்துக்குடி வாகைக்குளத்தில் இறங்கி, காரில் முக்கால் மணி நேரம். முகூர்த்த நாளை ஒட்டி டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. பத்திரிகைக்குக் காத்திருக்காமல், தேதி காதில் விழுந்த அன்றே போட்டுவிடுங்கள்.

எந்தப் பக்கம் தங்கினால் நல்லது?

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் இதைச் சொல்லவேண்டும்: திருநெல்வேலி என்பது ஒரே ஊர் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே மூன்று ஊர். கோயிலைச் சுற்றி டவுன், ரயில் நிலையத்தைச் சுற்றி ஜங்ஷன், ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டை. மண்டபம் எதில் இருக்கிறது என்று பத்திரிகையில் பார்த்துக்கொள்ளுங்கள். "நெல்லை" என்று மட்டும் படித்துவிட்டு ஜங்ஷனில் ரூம் போட்டு, முகூர்த்தத்தன்று மண்டபம் பாளைப் பக்கம் பெருமாள்புரத்தில் என்று தெரிந்து அலைந்தவர்கள் உண்டு.

ஜங்ஷன் லாட்ஜுகள் வசதி, ஆனால் சத்தம். வண்ணாரப்பேட்டைப் பக்கம் புதிய ஹோட்டல்கள், கார் நிறுத்த இடம் கிடைக்கும். அமைதி வேண்டும் என்றால் பாளை. அறை போடும்போது செக்-அவுட் மத்தியானம் பன்னிரண்டுக்கா, அல்லது 24 மணி நேரக் கணக்கா என்று கேளுங்கள். காலை ஏழு மணிக்கு ரயிலில் வந்து இறங்குகிற உங்களுக்கு அதில்தான் ஒரு நாள் வாடகை மிச்சம்.

நாங்கள் வரும் கல்யாணம் இன்ன மாசம். ஊர் எப்படி இருக்கும்?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அந்தக் கவலை விட்டது. தை, மாசி என்றால் அதிர்ஷ்டசாலிகள். வெயில் பொறுக்கலாம், நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் இருக்கும். நெல்லையிலிருந்து 38 கிலோமீட்டர் போலத்தான். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு ரொம்ப முன்னாலேயே பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக வைத்துக்கொண்டிருந்தவர்கள். தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. பூநாரையும், இமயமலையைத் தாண்டிவரும் வரித்தலை வாத்தும் குளத்தில். மஞ்சள் மூக்கு நாரை வகையறாக்கள் வீட்டுக் கொல்லை மரத்தில். விடியும்போது அங்கே இருந்தால் காலைப் பலகாரத்துக்கு அறைக்குத் திரும்பிவிடலாம்.

சித்திரை, வைகாசி என்றால் பதினோரு மணிக்கு அறைக்குள் போய் நாலு மணிக்கு வெளியே வாருங்கள். வழியெல்லாம் நுங்கும் பதநீரும் கிடைக்கும், வெயிலுக்கு அதுதான் நஷ்ட ஈடு. ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். அந்தப் பெரிய தேரை ஜனங்களே வடம்பிடித்து நான்கு ரத வீதியும் இழுத்து வருவார்கள். அன்றைக்கு டவுனில் கல்யாணம் என்றால் மண்டபத்துக்கு நடந்துதான் போகவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஐப்பசியில் காந்திமதி அம்மனுக்கே திருக்கல்யாணம், ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஆனால் வானத்தைப் பார்த்து வாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் தவித்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

டவுனுக்குப் போங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

நாலரை மணிக்கு நெல்லையப்பர் கோயிலுக்குள் இருங்கள். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், அப்போது போய் ஏமாறாதீர்கள். சுவாமிக்கு ஒரு கோயில், அம்மனுக்கு ஒரு கோயில், இரண்டையும் சங்கிலி மண்டபம் சேர்க்கிறது. ஜோடியாக வருகிறவர்களை நான் அம்மன் பக்கமாக உள்ளே போகச் சொல்வேன். அந்த நீள மண்டபத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து சுவாமியிடம் போய்ச் சேரலாம். ஊர்ப் பெயரின் கதையும் இங்கேதான். வேதசர்மா என்ற அடியார் சுவாமியின் அமுதுக்காக நெல்லைக் காயப்போட்டுவிட்டுக் குளிக்கப் போனார், மழை வந்தது, சுற்றிலும் மழை கொட்ட நெல் மட்டும் நனையாமல் வேலி கட்டினாற்போல் காய்ந்து கிடந்தது. அதனால் திருநெல்வேலி.

மணி மண்டபத்தில் இசைத்தூண்கள். ஒரே கல்லில், நடுத்தூணைச் சுற்றி ஒல்லி ஒல்லியாகச் சிறு தூண்கள். தட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். கை துறுதுறுக்கும். தட்டாதீர்கள். எத்தனை தலைமுறை தட்டிவிட்டது, கல்லுக்கும் வயசாகிறது. நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் தாமிர சபை இங்கே உள்ளது. அதன் மரவேலைப்பாட்டை அவசரமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓர் ஓரமாக நின்று கழுத்தை நிமிர்த்திப் பார்க்கவேண்டும்.

ஐந்தரைக்கு வெளியே வந்தால் எதிரே இருட்டுக்கடை. பலகை பெரிதாக எதுவும் இல்லாத சின்னக் கடை, சாயங்காலம்தான் திறக்கும், கொஞ்ச நேரத்தில் சரக்குத் தீர்ந்துவிடும். வரிசையைப் பார்த்து மலைக்காதீர்கள், வேகமாக நகரும். கிலோக் கணக்கில் பொட்டலம் வாங்குவது ஊருக்குப் போகிற அன்றைக்கு. இன்றைக்கு நூறு கிராம் இலையில் வாங்குங்கள், ரெண்டு பேருக்குப் போதும். சூடாக வரும். கோதுமையை ஊறவைத்து ஆட்டி எடுத்த பால், சீனி, நெய், சாமான் இவ்வளவுதான். விரலால் எடுக்கப் போனால் வழுக்கிக்கொண்டு ஓடும், வாயில் போட்டால் மெல்ல வேலை இல்லை, நெய் மணிக்கட்டுவரைக்கும் இறங்கும். புதுப்புடவையில் துடைத்துவிடாதீர்கள், ஒரு கைக்குட்டை இருக்கட்டும். அதன்பிறகு பக்கத்தில் ஒரு பிடி காராச்சேவு வாங்கி வாயில் போட்டால் திகட்டல் போய்விடும். காராச்சேவு இல்லாமல் அல்வா தின்கிறவர் வெளியூர்க்காரர் என்று இவர் சொல்வார்.

இதற்குப் பிறகு ரத வீதியைச் சும்மா ஒரு சுற்று நடந்தால் சாயங்காலம் நிறைந்துவிடும். வளையல் கடை, பாத்திரக்கடை, பழைய வளவு வீடுகளின் நீள நீளமான முடுக்குகள். எதுவும் வாங்கவேண்டாம்.

ஆற்றில் குளிக்கலாமா?

தாமிரபரணியைப் பார்க்காமல் போனால் இந்த ஊருக்கு வந்ததாகவே கணக்கில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேர்கிற ஆறு. மலையும் கடலும் இரண்டுமே இந்தச் சீமையில் இருப்பதால் ஆறு முழுக்க முழுக்க நம் மண்ணிலேயே ஓடி முடிகிறது. இதில் இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

டவுனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம், குறுக்குத்துறை. காலை ஆறு மணிக்குப் போங்கள். முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளத்தை இரண்டாகக் கிழித்து அனுப்புவதற்காகப் படகின் மூக்கு மாதிரி சுவரைக் கட்டியிருக்கிறார்கள். பெருவெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கோயில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூஜை. எத்தனையோ தலைமுறையாக இதே ஏற்பாடு. கல் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டால் மீன்குஞ்சு வந்து கொத்தும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இவர் முதன்முதலில் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போன இடம் அதுதான். அரைமணி நேரம் ஒன்றுமே பேசவில்லை, எனக்குக் கோபம். திரும்பும்போது "ஆறு எப்படி?" என்று கேட்டார். அவர் பேசாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று அப்போது புரிந்தது.

குளிப்பது பற்றிச் சொல்கிறேன். நகரத்துக்குள் ஆற்றில் சாக்கடை சேர்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. குளிக்க ஆசை என்றால் மேலே போங்கள்: சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம். நீச்சல் தெரியாதவர்கள் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையைத் தாண்டி இறங்கவேண்டாம். மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது.

ஜங்ஷனுக்கும் கொக்கிரகுளத்துக்கும் நடுவே ஆற்றைத் தாண்டும்போது ஆட்டோவில் போனாலும் ஒரு பார்வை பாருங்கள், அது சுலோச்சன முதலியார் பாலம். 1843-ல் அந்த மனிதர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஈரடுக்கு மேம்பாலம் 1973-ல் வந்தது. இரண்டு தளம் வைத்த சாலை மேம்பாலம் இந்தியாவில் அதுதான் முதல். இதைச் சொன்னால் உங்கள் வீட்டுக்காரர் இறங்கிப் போட்டோ எடுக்கப் போவார், என்னைத் திட்டாதீர்கள்.

ஆதிச்சநல்லூர் போக ஆசை. ஆனால் கல்யாணத்துக்குப் போகிற நேரத்தில் முதுமக்கள் தாழியைப் பார்க்கலாமா?

ஆதிச்சநல்லூர், செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு. இந்தக் கேள்வி சிரிப்பாகத் தோன்றும், வருஷத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். இவரோட ஆச்சி இருந்தவரைக்கும் "கல்யாணத்துக்குப் போற காலு சுடுகாட்ட மிதிக்கலாமாட்டீ?" என்று கண்டிப்பாகச் சொல்லுவார்கள். நான் ஆச்சியிடம் வாதாடியதில்லை. அவர்கள் போன பிறகுதான் போனேன்.

என் பதில்: போங்கள், ஆனால் முந்தின நாளுக்கும் முந்தின நாள் போங்கள், வந்து தலைக்குக் குளித்துவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. திருச்செந்தூர் ரோட்டில் சுமார் 24 கிலோமீட்டர். அலெக்சாண்டர் ரீ என்ற வெள்ளைக்கார ஆய்வாளர் நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலச் சாமான்கள் எல்லாம் கிடைத்தன. 2023 ஆகஸ்டில் அந்த இடத்திலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். தோண்டிய குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழிகள். பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் வயது ஏறத்தாழ 3,200 வருஷம் என்று 2021-ல் சொன்னார்கள். போகிறவருக்கு நெல்லை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நாளை மறுநாள் நீங்கள் மணவறையில் போடப்போகும் அட்சதையும் அதே நெல்லில் வந்த அரிசிதான். ஆச்சியிடம் இதைச் சொல்லியிருக்கலாம், அப்போது எனக்குத் தெரியாது.

அதே ரோட்டில் போகும்போதே கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலில் இறங்குங்கள். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். குறவன் ஒருவன் இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இன்னொரு தூணில் குறத்தி இளவரசனைத் தூக்கிக்கொண்டு போகிறாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பார்க்கவேண்டிய இரண்டு தூண்கள். பெண்ணைத் தூக்கிப் போவதைப் பற்றி எல்லாரும் கதை கட்டுவார்கள், பையனைத் தூக்கிப் போனவளுக்கும் சமமாக ஒரு தூண் கொடுத்த சிற்பியை எனக்குப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து அரை நாள். பத்து மணிக்குள் கிருஷ்ணாபுரத்தை முடித்தால் நல்லது, அங்கேயும் நடை சாத்துவார்கள்.

கல்யாணப் பரிசாக இந்த ஊர்ப் பொருள் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா?

சுவர்க் கடிகாரத்தையும் குக்கரையும் விட்டுவிட்டு இப்படிக் கேட்டதற்கே நன்றி. பத்தமடைப் பாய். நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில் சேரன்மகாதேவிக்குப் பக்கம். புவிசார் குறியீடு வாங்கிய பாய். ரிஷிகேசத்தில் ஆசிரமம் வைத்த சுவாமி சிவானந்தர் பிறந்ததும் அதே ஊரில்தான்.

ஆற்றங்கரைக் கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, மறுபடி மெல்லிசாகக் கிழிப்பார்கள். சாதாரணப் பாய்க்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். பட்டுப்பாய் என்கிற உயர்ந்த ரகத்துக்கு நூல் மாதிரி ஆகும்வரை விடமாட்டார்கள். நாங்கள் ஒரு வீட்டில் பார்த்தோம்: தரையோடு தரையாகப் பாவு கட்டி இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நீளக் குச்சியில் ஒரே ஒரு கோரையைக் கோத்து நுழைக்க, மற்றவர் அச்சை இழுத்து அடிக்கிறார். அரைமணி நேரம் நின்றோம், பாய் ஒரு விரற்கடைதான் வளர்ந்தது. முடிந்த பாயைக் கையில் கொடுத்தார்கள். பாய் என்று சொன்னால்தான் தெரியும், கைக்குப் பட்டுத்துணி.

கல்யாணப் பாய் என்றால் பெண், மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் வைத்தே நெய்து தருவார்கள். இதை வந்து இறங்கிய அன்றைக்குக் கேட்டால் நடக்காது. ஒரு மாசத்துக்கு முன்னாலாவது சொல்லிவைத்து, வருகிற அன்றைக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை எழுதி அனுப்பும்போது எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாயில் விழுந்த பிழையை அழிக்க முடியாது.

செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினால் சேரன்மகாதேவியில் இறங்கலாம். ஜன்னலோரம் கிடைத்தால் அப்படியே அம்பாசமுத்திரம் வரைக்கும் போய்த் திரும்புங்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் வயல், எதிரே மலை. கல்லிடைக்குறிச்சியில் இறங்கினால் அப்பளம் வாங்காமல் வரக்கூடாது. இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிக் கடையம், செல்லம்மாள் பாரதியின் ஊர்.

குற்றாலம், மணிமுத்தாறு, மாஞ்சோலை ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாமா?

என் கதையைக் கேளுங்கள். கொழுந்தனாருக்குக் கல்யாணம். முந்தின நாள் காலையில் "மணிமுத்தாறு அருவி பாத்துட்டு ரெண்டு மணிக்கு வந்திரலாம்" என்று இவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வாடகைக் கார். அருவியில் நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது ஆளரவமில்லாத இடத்தில் டயர் போயிற்று, டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியில் காற்றில்லை. போனில் சிக்னலும் இல்லை. வாழைத்தார் ஏற்றிய லாரியில் அம்பாசமுத்திரத்துக்கு வந்து, பஸ் மாறி, மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை அழைப்புக் கார் கோயிலிலிருந்து புறப்பட்டு விட்டது. ஆரத்தி எடுக்கவேண்டியவள் நான். என் பெரிய நாத்தனார் எடுத்து முடித்துவிட்டு, என் தலையில் ஒட்டியிருந்த வாழைச்சருகை எடுத்துப் போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்திலும் என்னைப் பார்த்து "மணிமுத்தாறு போகலையா?" என்று கேட்பார்.

ஆகவே கல்யாணத்துக்கு முந்தின நாள் மலைப்பக்கம் வேண்டாம். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஒன்றரை நாளில் வைத்துக்கொள்ளும் காரியம் இல்லை. குற்றாலம் சீசனில் கூட்டம், சீசன் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு மறுநாள் தும்மிக்கொண்டே மணவறைப் பக்கம் நிற்கவேண்டியிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பையனைக் கொண்டுபோனது. குளிக்க வேண்டாம் என்று அறிவித்தால் கேளுங்கள். திருச்செந்தூரும் கன்னியாகுமரியும் கல்யாணம் முடிந்த பிறகு, தனிப்பயணமாக.

சாப்பாடு?

கல்யாணத்துக்கு முந்தின நாள் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பரோட்டாவும் நாட்டுக்கோழியும் எங்கேயும் ஓடிவிடாது. காலையில் கருப்பட்டிக் காபி குடியுங்கள். கூட்டாஞ்சோறும், எள்ளுத்துவையல் வைத்த உளுந்தஞ்சோறும் வீட்டுச் சமையல்; யார் வீட்டுக்காவது கூப்பிட்டால் தயங்காமல் போங்கள்.

உண்மையான விருந்து கல்யாண வீட்டில்தான் காத்திருக்கிறது. முகூர்த்தச் சாப்பாட்டைச் சொல்லவில்லை, அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மறுநாள் சொதி. பாசிப்பருப்பும் காய்களும் தேங்காயின் இரண்டாம் பாலில் வெந்து, கடைசியில் தலைப்பால் ஊற்றி இறக்கி, எலுமிச்சை பிழிந்தது. பச்சைமிளகாய் உறைப்புதான், மிளகாய்ப்பொடி கிடையாது. கூட இஞ்சித்துவையல், உருளைக்கிழங்கு வறுவல். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும், அதற்குத்தான் இஞ்சி. மாப்பிள்ளைச் சொதி என்று இதற்கே பெயர். "எங்களுக்கு அன்னைக்கே ரயில்" என்று முகூர்த்தத்தோடு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ரயிலை மறுநாள் ராத்திரிக்குப் போடுங்கள்.

புடவை, பூ, பிளவுஸ்?

புடவையை ஊரிலேயே இஸ்திரி போட்டுக் கொண்டுவாருங்கள். முகூர்த்த நாளில் இங்கே இஸ்திரிக் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பிளவுஸை மறந்துவிட்டு வந்தவர்களுக்கு வண்ணாரப்பேட்டையில் ஆர்.எம்.கே.வி. இருக்கிறது. 1924-ல் இந்த ஊரில் தொடங்கிய கடை. ஆனால் "ஒரு பிளவுஸ் துணிதான்" என்று உள்ளே போனால் அரை நாள் அங்கேயே போய்விடும், ஜாக்கிரதை. பூவை முந்தின நாளே பூக்காரம்மாவிடம் சொல்லி வையுங்கள். முகூர்த்தத்தன்று மல்லிகை விலை மலை ஏறிவிடும். இங்கே பிச்சிப்பூ வாங்குங்கள். சென்னையில் கிடைக்கிற பிச்சி வேறு, இங்கே காலையில் பறித்தது வேறு.

வீட்டுக்காரருக்குக் கோயிலில் ஆர்வம் இல்லை. அவருக்கு என்ன?

பாளையங்கோட்டை. 1826-ல் ரேனியஸ் என்ற பாதிரியார் கட்டிய தேவாலயத்தை ஊசிக்கோபுரம் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடமும் கல்லூரியுமாக நிறைந்த தெருக்கள், பெரிய மரங்கள். கொக்கிரகுளத்தில் அறிவியல் மையம். ரெட்டியார்பட்டிப் பக்கம் பொருநை அருங்காட்சியகம். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே பாரதியும் வ.உ.சி.யும் படித்த இந்துப் பள்ளிக்கூடம். அப்புறமும் ஆர்வம் இல்லை என்றால் அறையில் தூங்கட்டும். அதற்கும் லீவு போட்டுத்தானே வந்திருக்கிறார்.

ஆட்டோக்காரர் "ஏலே" என்கிறார். கோபிக்கலாமா?

உங்களைச் சொல்லியிருக்கமாட்டார், குறுக்கே வந்தவனைச் சொல்லியிருப்பார். பெரியவர்களை "அண்ணாச்சி" என்று கூப்பிடுங்கள், பாதி வேலை முடிந்தது. அவர் "பைய வாங்க, அவசரமில்ல" என்றால் மெதுவாக வரச் சொல்கிறார் என்று அர்த்தம், உங்கள் பையைக் கேட்கவில்லை.

திரும்பும்போது என்ன வாங்கிக்கொண்டு போவது?

கல்யாண வீட்டிலேயே ஒரு பை பலகாரம் கொடுத்துவிடுவார்கள்: முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. கருப்பட்டி வாங்குவதென்றால் உடன்குடிக் கருப்பட்டி என்று கேட்டு வாங்கி, ஓரத்தைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். சீனி கலந்தது நாக்குக்கே தெரியும். அல்வாவைக் கிளம்புகிற அன்று சாயங்காலம் வாங்குங்கள், ஃப்ரிட்ஜ் இல்லாமலே சில நாள் தாங்கும். ரயிலில் அதை மேல் பெர்த்தில் வைக்கவேண்டாம். நாங்கள் ஒருமுறை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டோம். விழுப்புரம் தாண்டும்போது கீழ் பெர்த்துப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, சட்டைத் தோளில் இருந்த கறையைத் தொட்டு, விரலை மூக்குக்குக் கொண்டுபோய், மேலே எங்களைப் பார்த்து, "டவுன்ல வாங்குனதா, ஜங்ஷன்ல வாங்குனதா?" என்று கேட்டார். டவுன் என்றோம். ஒரு டப்பாவைக் கொடுத்தோம். தாம்பரம் வருவதற்குள் பாதி தீர்ந்திருந்தது.